பெல்ட் பட்ட இடம்

என் பிஸ்டல் மிகச் சின்னது. உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினால் மூக்கு மட்டும் கொஞ்சம் வெளியே தெரியும். எந்தக் கம்பனி என்று சொல்லமாட்டேன். சொன்னால் அவர்களுக்கு இலவச விளம்பரம், எனக்கு ஒரு தொப்பிகூடக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் ஒன்று சொல்லுவேன். இந்த வயதுவரை நான் வாங்கிய சாமான்களில், கார், கட்டில், கடை, தொலைபேசி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், என்னை ஏமாற்றாத ஒரே சாமான் அதுதான். அப்படிப்பட்ட பிஸ்டலால்தான் என் மகளின் கலியாணம் குழம்பப் பார்த்தது.

நான் விக்னராஜா. பலெர்மோவில், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் நகைக்கடை வைத்திருக்கிறேன். தங்கம் இவ்வளவு மஞ்சளாகவும் இருக்குமா என்று இத்தாலியர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். வாங்குகிறவர்கள் எங்கள் ஆட்கள்தான். சைவக்காரருக்குத் தாலிக்கொடி, வேதக்காரருக்குச் சிலுவை வைத்த சங்கிலி, இரண்டு பகுதிக்கும் காப்பும் அட்டியலும். சிஞ்ஞோராக்களின், இத்தாலியச் சீமாட்டிகளின், வீடுகளில் விடிந்ததிலிருந்து வேலை செய்யும் பெண்களுக்குக் கடைக்கு வர எங்கே நேரம்? நான்தான் நகைகளைப் பையில் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் போவேன். எனக்குத் தெரிந்த இன்னொரு நகைக்காரரைப் பட்டப்பகலில் அடித்து விழுத்திப் பையைப் பறித்துக்கொண்டு போனபிறகுதான் நான் துவக்கு அனுமதி கேட்டுப் பிரெஃபெத்தூரா என்கிற அரசாங்கக் கந்தோரில் போய் நின்றேன். வைத்தியப் பரிசோதனை, சுடும் பயிற்சி, விசாரணை என்று நன்றாக அலையவிட்டார்கள். கடைசியில் அனுமதி தந்தார்கள். சட்டைக்குள் மறைத்துக் கொண்டு திரியலாம்.

முதலில் நான் வாங்கியது பெரிய பிஸ்டல். ஆண்பிள்ளை வாங்குவதென்றால் பெரிதாக வாங்கவேண்டும் என்று ஒரு நினைப்பு. சுடும் இடத்தில் அது ராசா. இடுப்பில் செருகினால் எமன். காரில் ஏறி உட்கார்ந்தால் பிடி விலாவில் இடிக்கும், குனிந்து நகைத்தட்டை எடுத்தால் குழல் தொடையில் குத்தும். ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போக வெளிக்கிட்டபோது என் மனைவி துஷாந்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இடுப்பிலை என்ன, அம்மிக்குழவியோ?" என்றாள்.

அதற்குப் பிறகு அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினேன். துப்பாக்கிக் கடைக்காரன் சல்வோவிடம் இதைச் சொன்னபோது அவன் சிரிசிரியென்று சிரித்தான். பாரத்துக்குப் பயந்து வீட்டில் விட்டுவிட்டுப் போகிற பிஸ்டல் உன் அலுமாரியைத்தான் காவல் காக்கும், உன்னையல்ல என்றான். பிறகு இந்தச் சின்னதை எடுத்து மேசையில் வைத்தான். எனக்குச் சப்பென்று போய்விட்டது. பிடித்துப் பார்த்தால் சுண்டுவிரலுக்கு இடமே இல்லை, அது அந்தரத்தில் தொங்கியது. முதல்நாள் சுட்டபோது பெரியதைவிட இதுதான் கையை அதிகம் உதைத்தது. பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

இடுப்பில் வைத்த அன்றைக்குத்தான் அதன் அருமை விளங்கியது. காலையில் செருகினேன், மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்தேபோனேன். பான்டா காரில் ஒரேத்தோவிலுள்ள வீட்டுக்குப் போகும்போதும் உறுத்தவில்லை. மாடிப்படி ஏறினேன், செருப்பு வாரைக் கட்டக் குனிந்தேன், முடிவெட்டுகிறவனின் கதிரையில் சாய்ந்தேன், ஒன்றும் தெரியவில்லை. பெரிய மனிதர்கள் சிலர் வீட்டுக்கு வந்திருப்பதே தெரியாமல் ஒரு மூலையில் இருப்பார்கள் அல்லவா, அந்த வகை. கைக்குப் பழகியபிறகு போலிகோனோவில், அதுதான் சுடும் பயிற்சி இடத்தில், கடதாசியில் போட்ட வட்டத்துக்குள் பெரியதைவிட இதுதான் ஒழுங்காகப் போனது. கிழமைக்கு ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது துஷாந்தியே பக்கத்தில் வந்து இருந்து பார்ப்பாள்.

அவளுக்கு அதன்மேல் பாசம் வந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் போகும், நான் பின்னால் போவேன். கார் நிறுத்துகிற இடத்துக்காக நான் சண்டைபிடிக்காத தெரு பலெர்மோவில் இல்லை. சல்வோ ஒரே ஒரு கட்டளைதான் போட்டான். இது இடுப்பில் இருக்கிற நேரம் உனக்குச் சண்டைபிடிக்க உரிமை கிடையாது. எவன் என்ன சொன்னாலும் மன்னிப்புக் கேட்கிறவன் நீதான். வாய்த்தர்க்கம் கைகலப்பாகி, கைகலப்பில் இது வெளியே வந்தால் உன் கதை முடிந்தது என்றான்.

பிறகு ஒருநாள் கால்சாப் பகுதியின் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில் ஒரு பெடியன் ஸ்கூட்டரில் வந்து என் காரின் கண்ணாடியை உடைத்தான். உடைத்துவிட்டு என் அம்மாவையும் என் குடும்பத்தில் செத்துப்போன எல்லோரையும் இழுத்து நாறநாறப் பேசினான். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முழங்கை இடுப்பில் பட்டது. உள்ளே அது இருந்தது. "ஸ்கூசி, என்னுடைய பிழைதான்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். பக்கத்தில் இருந்த துஷாந்தி என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சலோ?"

"இல்லை. சாமான் இடுப்பிலை."

அவள் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். "இவ்வளவு காலம் நான் கத்தினதுக்குத் திருந்தேல்லை. அந்தச் சின்னச் சாமானுக்கு ஒரு தேங்காய் உடைக்கவேணும்" என்றாள்.

என்னிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அந்த முழங்கைதான். அது அங்கே இருக்கிறதா என்று முழங்கையால் இடுப்பை ஒருதரம் தொட்டுப் பார்ப்பேன். நினைத்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். விஷயம் தெரிந்தவன் கண்டால் உன் இடுப்பில் என்ன என்று அதிலேயே பிடித்துவிடுவான் என்று சல்வோ பலமுறை திட்டியிருக்கிறான். அதுதான் எனக்குப் பயம். இந்த ஊரில் எங்கள் ஆட்களில் ஒருவருக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரிந்த மாதிரி. விக்கி துவக்கோடு திரிகிறான், அப்படியென்றால் பையில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று கதை போகும். அந்தக் கதை களவெடுக்கிறவனின் காதுக்கும் போகும். அதைவிட, ஊரில் நடந்த சண்டையில் துவக்குக்குப் பயந்து கடல்தாண்டி வந்த சனம் இது. தெரிந்தால் என் வீட்டு வாசல்படி மிதிக்குமா? ஆகவே துஷாந்தி, மகள் சிவானுஜா, சல்வோ, இவ்வளவு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

வந்த வினை கோயிலில் வந்தது.

எங்கள் பிள்ளையார் கோயில் முன்பு கார் திருத்திய இடம். கோபுரம் கிடையாது, நிலத்தில் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. ஆனால் முறை மட்டும் ஊரில் எப்படியோ அப்படியே. ஆண்கள் சட்டையைக் கழற்றாமல் உள்ளே கால்வைக்க முடியாது. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு நான் கடையைப் பூட்டிவிட்டு நகைப்பையோடு நேராக வருவேன். வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் பூசை முடிந்துவிடும். இடுப்பில் பிஸ்டலை வைத்துக்கொண்டு சட்டையை எப்படிக் கழற்றுவது? கழற்றாமல் விட்டாலும், அதோடு சனம் கூடுகிற இடத்துக்குள் போகச் சட்டம் விடாது. காரில் விட்டுவிட்டும் போக முடியாது. அதனால் தெருவில் நின்றபடி வாசலால் எட்டிப் பார்த்துக் கும்பிடுவேன். துஷாந்தி உள்ளே போய்த் திருநீறு கொண்டுவந்து தருவாள்.

கொஞ்சக் காலத்தில் கதை கிளம்பிவிட்டது. கிளப்பியவர் கோயில் தலைவர் தில்லையம்பலம். விக்கி வேதத்துக்கு மாறிவிட்டார், சட்டைக்குள் சிலுவை கிடக்கிறது, அதுதான் கழற்றுகிறாரில்லை என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். வேதக்காரர் எனக்கு வாடிக்கையாளர்கள், நல்ல சனம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பொய் பொய்தானே. இடுப்பில் அது மட்டும் இல்லாதிருந்தால் தில்லையம்பலத்தை அதே வாசலில் வைத்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். இருந்தபடியால் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து சிவானுஜா, உமாசுதன் என்கிற பெடியனைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றாள். ஒன்றாகப் படித்தவர்கள். பெடியன் தங்கமானவன், நகைக்காரன் சொல்கிறேன், நம்பலாம். அவனுடைய தகப்பன் நகுலேஸ்வரன் கால்சாவில் ஒரு பழைய மாளிகையின் வாயில்காவலர். மூன்று சொல்லில் முடிகிற விஷயத்துக்கு இரண்டு சொல் பாவிக்கிற மனிதர். தாய் குகனேஸ்வரி அதற்கும் சேர்த்துக் கதைப்பார். மதம் மாறின கதை குகனேஸ்வரியின் காதுக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை இரண்டு குடும்பமும் கோயிலில் சந்திப்போம், எல்லோரும் உள்ளே வந்து ஒன்றாக அர்ச்சனை செய்வோம், அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை என்று சொல்லி அனுப்பினார்.

"அப்பா, பெர் ஃபவோரே" என்று கெஞ்சிக்கொண்டு சிவானுஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவையின்ர அம்மா ஓம் எண்டு சொல்லாட்டில் உமா கட்டமாட்டான். எனக்கு அவனைத் தெரியும். ஒரு நாளைக்கு அதை வீட்டிலை விட்டிட்டு வாங்கோ. சேட்டைக் கழட்டுங்கோ. பஸ்தா, அவ்வளவுதான்."

கண் நிறையத் தண்ணீரோடு கேட்கிறாள். அது என்ன பெரிய விஷயமா? அன்றைக்குக் கடையை நேரத்தோடு பூட்டினேன். பிஸ்டலை வீட்டு இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றபோது துஷாந்தி என் வலப்பக்க இடுப்பைப் பார்த்தாள்.

"மேலை தூக்கிக் கட்டுங்கோ. அந்த வெள்ளை தெரியுது."

அதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஷிரோக்கோ என்கிற சூட்டுக் காற்று அடிக்கிற மாதங்களில் வியர்வையில் பிஸ்டல் துருப்பிடித்துவிடும் என்று, பின்பக்கம் ரப்பர் வைத்த உறை ஒன்று வாங்கியிருந்தேன். வழுக்காது, வியர்வை உள்ளே போகாது, அருமையான உறை. ஆனால் அந்த ரப்பரில் இருந்த ஏதோ ஒரு மருந்து தோலின் நிறத்தைத் தின்றுவிட்டது. இடுப்பில் ஒரு கையளவுக்கு வெளுத்துப்போயிற்று. அது வருத்தமில்லை, ஒருவருக்கும் தொற்றாது, நிறம் திரும்பவும் வரலாம் வராமலும் விடலாம் என்று வைத்தியர் சொன்னார். உறையை மாற்றினேன். வெள்ளை மாறவில்லை.

வேட்டியைத் தொப்புளுக்கு மேலே தூக்கிக் கட்டினேன். கோயில் வாசலில் சட்டையைக் கழற்றியபோது எனக்கு வெட்கம் வரவில்லை. இடுப்பில் ஒன்றும் இல்லாததுதான் அம்மணமாக நிற்கிற மாதிரி இருந்தது. உள்ளே போனதும் தில்லையம்பலம் எதிரே வந்தார்.

"ஓ, விக்கி! யேசுநாதர் இண்டைக்கு லீவு தந்தவரோ?"

முழங்கை இடுப்புக்குப் போனது. அங்கே வெறும் வேட்டிதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்கு அது இல்லை, இன்றைக்கு நான் சண்டைபிடிக்கலாம்! எத்தனை காலத்துக்குப் பிறகு! வாயைத் திறக்கப்போனேன். துஷாந்தி ஒரு பார்வை பார்த்தாள். சரி, உமக்குப் பிறகு தருகிறேன் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

அர்ச்சனை நன்றாகத்தான் போனது. ஐயர் இரண்டு குடும்பத்தின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். உமாசுதனும் சிவானுஜாவும் ஆளையாள் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த நிறைவில், எல்லோரும் பார்க்கட்டும் நான் யார் என்று, நிலத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டேன். விழுந்தது சரி. எழும்பும்போது என் வயிறு வேட்டியைக் கீழே தள்ளிவிட்டது. பின்னால் நின்றவர் குகனேஸ்வரி.

பூசை முடிந்து எல்லோரும் ஓரமாக இருந்து மோதகம் சாப்பிட்டோம். குகனேஸ்வரி மோதகத்தைக் கையில் வைத்துக்கொண்டே துஷாந்தியிடம் கேட்டார்.

"அண்ணைக்கு இடுப்பிலை என்ன, வெள்ளையாய்?"

"அது... ஒண்டுமில்லை அக்கா. சும்மா ஒரு அலர்ஜி."

"எவ்வளவு காலமாய்?"

"கொஞ்சக் காலமாய்த்தான்."

"அண்ணையின்ர ஆக்களிலை வேற ஆருக்கும் இருக்கோ? பரம்பரையிலை? ஒளிக்காமல் சொல்லுங்கோ. நாளைக்குப் பேரப்பிள்ளையள் வாற விஷயம்."

வெண்குட்டம் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்த ஒரு சொல்லால் நின்ற கலியாணங்கள் எத்தனை என்று எங்கள் சனத்துக்குத் தெரியும். துஷாந்தி என்னைப் பார்த்தாள். என்ன சொல்வது? பிஸ்டல் என்று சொன்னால் வருத்தம் இல்லை என்றாகிவிடும், ஆனால் துவக்குக்காரன் வீட்டில் பெண் எடுப்பார்களா? சொல்லாவிட்டால் வெண்குட்டக்காரன் வீடு. இரண்டு பக்கமும் கதவு பூட்டு.

அந்த இடைவெளியில் குகனேஸ்வரி செய்த காரியம்தான் என்னைக் கொதிக்கவைத்தது. பக்கத்தில் இருந்த சிவானுஜாவின் கையை அன்பாகப் பிடிக்கிற மாதிரிப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி, உள்பக்கத் தோலைப் பார்த்தார். மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி. என் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். உமாசுதன், "அம்மா, மா கே ஃபாய்! என்ன செய்யிறியள்!" என்றான். தாய் கையை விடவில்லை.

நான் எழும்பினேன். நல்லகாலம், இன்றைக்கு அது இல்லை. தில்லையம்பலத்துக்கு வைத்திருந்ததையும் சேர்த்து ஒரேயடியாகக் கொடுத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவது என்று முடிவெடுத்தேன். மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து என் பாழாய்ப்போன முழங்கை பழக்கதோஷத்தில் இடுப்பைத் தொட்டுப் பார்த்தது. வெறுந்தோல். ஒரு கணம் நின்றுவிட்டேன்.

"தம்பி, இஞ்சை ஒருக்கா வாங்கோவன்" என்று ஒரு குரல். நகுலேஸ்வரன். "என்ர செருப்பைக் காணேல்லை. ஒருக்காத் தேடுவம்."

அவருடைய செருப்பு அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்தில் கிடந்தது. ஆனாலும் என் தோளைப் பிடித்து வாசல் பக்கத்து மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே செருப்புகளும் நாங்களும்தான்.

"வலப்பக்கமோ வைக்கிறனீர்?" என்று கேட்டார். அதுவரை நீங்கள் என்று கதைத்த மனிதர்.

"என்னது, அண்ணை?"

"முழங்கையாலை தொட்டுப் பாத்தீர். தில்லையம்பலம் பகிடி விட்ட நேரம் ஒருக்கா, இப்ப ஒருக்கா. இல்லாத சாமானைத் தொட்டுப் பாத்தீர்."

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்த சால்வையை அவிழ்த்து வேட்டியைக் கொஞ்சம் இறக்கினார். வலது இடுப்பில் வெள்ளை. என்னுடையதைப்போலவே, ஆனால் என்னுடையதைவிட நீளம். ஓரங்களில் நிறம் திரும்பி வரப்பார்த்து, வராமலே நின்றுபோயிருந்தது.

"ரப்பரோ?" என்றார்.

"ஓம் அண்ணை. உறைக்குப் பின்னாலை."

"என்ர லொறி ரியூப். அந்த நேரம் காட்டுக்குள்ளை தோல் எங்கை கிடைச்சது? நானே வெட்டித் தைச்சனான்." குனிந்து என் இடுப்பைப் பார்த்தார். "உம்மட சின்னன்."

"சின்னச் சாமான் அண்ணை. உள்ளங்கைக்குள்ளை அடங்கும்." அந்த நிலைமையிலும் எனக்குப் பெருமை வந்தது, என்ன செய்வது. "இருந்தாலும் குத்தாது, குனிஞ்சாலும் குத்தாது. நாள் முழுக்கக் கிடக்கும், கிடக்கிறதே தெரியாது."

"தெரியாதோ!" அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. "என்ர அந்தச் சாமான் இருந்தாலும் நோகும், எழும்பினாலும் நோகும். படுக்கேக்கையும் கழட்டேலாது. இப்பத்தைய ஆக்கள் குடுத்து வைச்சவை." பிறகு குரலை இன்னும் இறக்கினார். "சட்டப்படிதானே?"

"ஓம். பிரெஃபெத்தூரா தந்தது. கடைக்காக."

"சுட்டிருக்கிறீரோ?"

"கடதாசிக்குத்தான், அண்ணை. போலிகோனோவிலை."

"கடதாசிக்கு மட்டும்" என்று அவர் திருப்பிச் சொன்னார். "அப்பிடியே இருக்கட்டும்."

அதே கேள்வியை நான் அவரிடம் கேட்கவில்லை.

"அப்ப இவ்வளவு காலமும் வாசல்லை நிண்டது இதாலைதானோ?"

"அதோடை உள்ளுக்கு வரேலாது அண்ணை. சட்டமும் விடாது, எனக்கும் மனம் வரேல்லை."

அவர் சால்வையைத் திரும்பவும் சுற்றிக் கட்டத் தொடங்கினார். கட்டி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் போனனான்" என்றார். "சாமிக்கு முன்னாலை அதோடை போய் நிண்டனான். நீர் வாசல்லை நிண்டிருக்கிறீர். மாறினவன் எண்டு சனம் சொல்ல, வாய் திறக்காமல் நிண்டிருக்கிறீர்." முடிச்சை இறுக்கினார். "வாரும்."

என்னை அவர் மெச்சினார் என்பது எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் விளங்கியது. என் வாழ்க்கையில் நான் சண்டைபிடிக்காமல் விட்டதற்காக என்னை மெச்சிய முதல் ஆண்பிள்ளை அவர். அந்த இடத்திலேயே அழுகை வந்துவிடும்போல இருந்தது.

பெண்கள் இருந்த இடத்துக்கு வந்தோம். குகனேஸ்வரி இன்னும் சிவானுஜாவின் கையைப் பிடித்தபடிதான். நகுலேஸ்வரன் ஒரு மோதகத்தை எடுத்துக் கடித்தார்.

"இஞ்சேர், அது வருத்தம் இல்லை" என்றார் சாதாரணமாக. "பெல்ட் பட்ட இடம். ரப்பர் பெல்ட். எனக்கும் இருக்குத்தானே, அதே இடத்திலை."

குகனேஸ்வரி புருசனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு என் இடுப்பைப் பார்த்தார்.

"ஓம்" என்றார் கடைசியில். "இவருக்கும் இருக்கு. கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் இருக்கு. பிள்ளையளுக்கு ஒண்டும் வரேல்லை. பெல்ட்தான்." சிவானுஜாவின் மணிக்கட்டை விட்டுவிட்டு, அதே கையால் அவளுடைய கன்னத்தைத் தடவினார். "என்ன பிள்ளை, சாப்பிடாமல் இருக்கிறாய்? மோதகம் ஆறுது. துஷாந்தி, தாலிக்குப் பொன்னுருக்கலுக்கு ஒரு நல்ல நாள் பாப்பமே?"

துஷாந்தி சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். உமாசுதன் இரண்டு மோதகத்தை ஒரே வாயில் போட்டான். பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தில்லையம்பலம், "பல்லரோச் சந்தையிலை மலிவுக்கு விக்கிற பெல்ட்டை வாங்கினால் இப்பிடித்தான், விக்கி" என்று புத்திமதி சொன்னார். இடுப்பில் ஒன்றுமில்லாமலே நான் சிரித்துக்கொண்டு, "ஓம் அண்ணை, என்னுடைய பிழைதான்" என்றேன். துஷாந்தி என் நெற்றியில் கைவைக்கப் பார்த்தாள்.

தாலிக்கொடி தெரிவுசெய்ய குகனேஸ்வரி கடைக்குத் தனியாக வந்தார். நான் தட்டுத்தட்டாக எடுத்துக் காட்டினேன். பின்னல் பார்த்தார், பூட்டுப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் ஒரு குறை சொன்னார், நான் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டேன். கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, போகிற நேரம் பையிலிருந்து ஒரு பார்சலை எடுத்து மேசையில் வைத்தார். பிரித்தேன். பெல்ட். மெத்தென்ற நல்ல தோல்.

"தோல் வேலைக்குப் பேர்போன ஃபிரென்சேயிலை செய்தது. ரெண்டு வாங்கினனான், இவருக்கும் ஒண்டு. உள்ளுக்கு ரப்பர் இல்லை."

"ஐயோ அக்கா, ஏன் வீண் சிலவு..."

"அண்ணை." அவர் குரல் வேறாகிவிட்டது. கடையில் வேறு ஒருவரும் இல்லை. "கலியாணம் முடிச்ச புதிசிலை இந்த வெள்ளை என்னெண்டு இவரைக் கேட்டனான். பெல்ட் பட்டது எண்டார். அண்டைக்கு இவரிட்டை இருந்தது ரெண்டு சாரமும் ஒரு சேட்டும். பெல்ட் எண்டு ஒண்டு இருக்கேல்லை."

நான் தட்டை மூடுவதை நிறுத்தினேன்.

"அதுக்குப் பிறகு நான் கேக்கேல்லை. கேட்டால் சொல்லவேண்டி வரும். சொன்னால் அவர் திரும்ப அந்தச் சண்டைக்குள்ளை போய் நிக்கவேண்டி வரும்." தாலிக்கொடிப் பெட்டியை எடுத்துப் பைக்குள் கவனமாக வைத்தார். "கோயில்லை உங்கட பிள்ளையின்ர கையைத் திருப்பிப் பாத்தது பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பரவாயில்லை அக்கா."

மறைத்துவைப்பதில் என்னைப்போல ஆள் இல்லை என்று இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். சின்னப் பிஸ்டல், நல்ல உறை, தொளதொளத்த சட்டை. இந்த மனுசியோ ஒரு முழு மனிதனின் பாரத்தை, அவனுக்கே தெரியாமல், இவ்வளவு காலம் ஒளித்துவைத்திருக்கிறார். எழும்பிக் கும்பிடவேண்டும்போல இருந்தது.

கதவைத் திறந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"எங்கட வீட்டை வாற நாளிலை மட்டும், அண்ணை, பெல்ட்டை மட்டும் கட்டிக்கொண்டு வாங்கோ."

"ஓம் அக்கா" என்றேன். முழங்கை இடுப்பை நோக்கிப் போயிற்று. அவர் அதைக் கண்டார். நான் கையை எடுத்து மேசையில், அந்தப் பெல்ட்டின்மேல் வைத்தேன்.